அப்பாவின் இடப்பக்கம்: மூளைக்கட்டியின் அறிகுறியா, வயதின் தளர்ச்சியா?

டோங்காட் மகள் | 4 நவம்பர், இரவு 8.12

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 66 வயது. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரு கரும்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாக அவரிடம் நான் காணும் மாற்றங்களைத் தனித்தனியே சொன்னால் எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். சேர்த்துப் பார்க்கும்போதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இலை போட்டுத்தான் சாப்பிடுவோம். மூன்றாம் சனிக்கிழமை அப்பா சோறு, ரசம், வடை எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டு, "இன்றைக்குப் பூசணிக்காய் வைக்கவில்லையா?" என்று கேட்டார். பூசணிக்காய் அவருடைய இலையிலேயே, இடப்பக்கத்தில், ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா எதுவும் பேசாமல் இலையைத் திருப்பி வைத்தார். "இங்கேயா இருந்தது?" என்று கேட்டுவிட்டு அப்பா அதையும் சாப்பிட்டு முடித்தார். நாங்கள் சிரித்துவிட்டோம்.

அதற்குப் பிறகுதான் மற்றவை நினைவுக்கு வந்தன. காரின் இடப்பக்கக் கண்ணாடியை வாசல் தூணில் இரண்டு முறை உரசியிருக்கிறார். சட்டையின் இடக்கையை மாட்டாமலே பொத்தான் போடத் தொடங்குகிறார். முகம் மழிக்கும்போது இடக் கன்னத்தில் முடி நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் கிரிக்கெட் நடக்கும் நாளில் வீடே அதிரும். இப்போது தொலைக்காட்சிக்கு முன்னால் அமைதியாக அமர்ந்திருக்கிறார். தலைவலி உண்டா என்று கேட்டால், "கொஞ்சம் கனமாக இருக்கிறது" என்பதோடு சரி.

கிளினிக்குக்கு மூன்று முறை அழைத்துச் சென்றேன். மூன்று முறையும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, வயது, கவலை, ஓய்வு பெற்றதால் வந்த வெறுமை என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இது மூளையில் கட்டியாக இருக்கக்கூடுமா? இருந்தால் எதைப் பார்த்து அறிந்துகொள்வது?

---

லெனேசியாக்காரன் | 4 நவம்பர், இரவு 8.40

தங்கச்சி, வீணாகப் பயப்படாதீர்கள். மூளைக்கட்டி என்றால் தாங்க முடியாத தலைவலி இருக்கும், காலையில் எழுந்ததும் வாந்தி வரும் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு இரண்டும் இல்லை. ஓய்வு பெற்ற ஆண்களுக்கு வருகிற மனச்சோர்வாகத்தான் தோன்றுகிறது. கோயில் வேலை எதிலாவது அவரை ஈடுபடுத்திப் பாருங்கள்.

---

இரவுப்பணி | 4 நவம்பர், இரவு 10.05

டர்பனில் நரம்பறுவைப் பிரிவில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். லெனேசியா அண்ணன் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் சொன்ன கணக்கினால்தான் பலர் தாமதமாக எங்களிடம் வந்து சேருகிறார்கள்.

மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் உறைக்கும் பெரிய இரத்தக் குழாய்களுக்கும்தான் வலி தெரியும். ஆகவே கட்டி வளர்ந்து உறையை இழுக்கும் வரை, அல்லது மண்டை ஓட்டுக்குள் மொத்த அழுத்தம் ஏறும் வரை, தலைவலி வராமலே இருக்கலாம். 1993இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் மூளைக்கட்டி உள்ள 111 பேரைக் கேட்டபோது, ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் தலைவலியே இருந்தது. அவர்களிலும் பெரும்பாலோருக்கு இருந்தது, நெற்றியைக் கயிறு போட்டுக் கட்டினாற்போன்ற சாதாரண இறுக்கத் தலைவலி. விடியற்காலையில் எழுப்பிவிடும் தலைவலி என்று பாடநூல்களில் வருவது சிறுபான்மையினருக்குத்தான் இருந்தது. அது பொய்யான அறிகுறியும் அன்று. படுத்திருக்கும்போது தலையிலிருந்து இரத்தம் கீழே இறங்குவது குறைகிறது. உறக்கத்தில் மூச்சு மெலிவதால் இரத்தத்தில் கரியமில வாயு கூடிக் குழாய்கள் விரிகின்றன. இரண்டும் சேர்ந்து உள்ளழுத்தத்தை உயர்த்துகின்றன. இருமினாலும் தும்மினாலும் குனிந்தாலும் வலி கூடுவதற்கும் இந்த உள்ளழுத்த உயர்வே காரணம். அப்படிப்பட்ட வலி இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இல்லை என்பதால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

தலைவலி உள்ளவர்களில் ஆகப் பெரும்பாலோருக்கு மூளையில் கட்டி கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தலைவலி மட்டுமே இருந்து, பரிசோதனையில் வேறு எந்தக் குறையும் தெரியாதபோது, கட்டி இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

எங்களை நிமிர்ந்து உட்கார வைப்பது வேறு ஒன்று. ஒரு மனிதர் நேற்று வரை செய்த செயல் இன்று வரவில்லை. அது வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது. அதிலும் உடலின் ஒரே பக்கத்தில் கூடுகிறது. பக்கவாதம் நிமிடங்களில் வரும். கட்டி பெரும்பாலும் வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் ஊர்ந்து வரும், கட்டிக்குள் இரத்தம் கசிந்தால் மட்டும் அதுவும் திடீரென்று தெரியும். எந்த இடத்தில் வளர்கிறதோ அந்த இடத்தின் வேலை கெடும். மூளையின் முன்பகுதியில் வந்தால் குணம் மாறும்: நாணமுள்ளவர் கூச்சமின்றிப் பேசுவார், சுறுசுறுப்பானவர் நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பார், அதை மனச்சோர்வு என்றோ மறதி நோய் என்றோ எழுதிவிடுவார்கள். இடப் பொட்டுப் பகுதியில் வந்தால் தெரிந்த பொருளின் பெயர் வாயில் வராது. பெருமூளையின் பின்பகுதியில் வந்தால் பார்வையின் ஒரு பாதி மறையும். சிறுமூளையில் வந்தால் நடை தள்ளாடும். குடித்திருக்கிறார் என்று பக்கத்து வீட்டார் பேசுவார்கள்.

டோங்காட் தங்கச்சி, நீங்கள் எழுதிய இலையும் சட்டையும் கன்னமும் கண்ணாடியும் ஒரே திசையைக் காட்டுகின்றன. வல மூளையின் மேற்பகுதி பழுதுபட்டால் மனத்துக்கு "இடப்பக்கம்" என்ற ஒன்றே இல்லாமல் போய்விடும். கண் பார்க்கும், மனம் கணக்கில் எடுக்காது. இலையைத் திருப்பியதும் பூசணிக்காய் கிடைத்தது அதனால்தான். காரணம் கட்டிதான் என்று நான் சொல்ல முடியாது. உறைக்குக் கீழே மெல்லக் கசியும் இரத்தம், பழைய பக்கவாதம், தொற்று என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றில் எதுவும் வலி மாத்திரையால் தீராது. நாளையே மருத்துவமனையின் கேசுவாலிட்டிக்கு அழைத்துச் செல்லுங்கள். கார்ச் சாவியை இன்றிரவே எடுத்து வைத்துவிடுங்கள்.

அங்கே போய் "தலை கனமாக இருக்கிறது" என்று தொடங்காதீர்கள். நம் நாட்டுக் கேசுவாலிட்டிகளில் வருபவர்களை அவசரத்தின் வரிசையில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். நாடியும் அழுத்தமும் ஒழுங்காக இருந்து, தலைவலி என்று மட்டும் சொன்னவர் பச்சையில் உட்கார்ந்து காத்திருப்பார். "இரண்டு மாதமாக இடப்பக்கத்தைக் கவனிப்பதில்லை, கூடிக்கொண்டே வருகிறது, கார் ஓட்டும்போது இரண்டு முறை இடித்துவிட்டார்" என்று தேதிகளோடு சொல்லுங்கள். அந்தச் சொற்களுக்கு மதிப்பு உண்டு.

---

கண்ணாடிக்கடை | 5 நவம்பர், காலை 6.50

பீனிக்ஸில் கண் பரிசோதகராக இருக்கிறேன். செவிலியர் அக்கா எழுதியதோடு என் துறையிலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு நுழையும் வட்டம் ஒன்று இருக்கிறது. மண்டைக்குள் அழுத்தம் உயர்ந்தால் அந்த வட்டம் வீங்கி, அதன் விளிம்பு மழையில் நனைந்த மைக்கோடு போல மங்கும். ஊசி இல்லாமல், ஸ்கேன் இல்லாமல், மூளையின் அழுத்தத்தை எட்டிப் பார்க்க எங்களுக்குக் கிடைத்திருக்கும் சன்னல் அது. "குனிந்து செருப்பை மாட்டி நிமிரும்போது சில நொடிகள் கண் இருட்டுகிறது" என்று சொல்லிப் புதுக் கண்ணாடி கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் அதைத்தான் பார்ப்பேன். வட்டம் ஒழுங்காக இருப்பதால் கட்டி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது.

இன்னொன்று, இரு பக்க ஓரப் பார்வையும் சேர்ந்து குறைவது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு நேர் மேலே இரு கண் நரம்புகளும் குறுக்கிட்டுச் செல்கின்றன. அந்தச் சுரப்பியில் கட்டி வளர்ந்து கீழிருந்து அழுத்தினால், வண்டிக் குதிரைக்கு மறைப்புக் கட்டியதுபோல நடுப்பார்வை மட்டும் மிஞ்சும். கூட்டத்தில் எல்லோர் தோளிலும் இடிப்பார்கள். இந்தக் கட்டி சுரப்புகளையும் குழப்பும்: பெண்களுக்கு மாதவிலக்கு நின்று, குழந்தை இல்லாமலே மார்பில் பால் சுரக்கலாம், சிலருக்கு மோதிரமும் செருப்பும் ஆண்டுக்காண்டு சிறிதாகிக்கொண்டே போகும். வளர்வது கைகால்கள்தாம். பெரும்பாலும் இவை புற்றுநோய் அல்லாதவை, நன்றாகக் குணப்படுத்தக்கூடியவை. ஆனால் பார்வை போன பிறகு வந்தால் போன பார்வை முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்ல இயலாது.

---

டோங்காட் மகள் | 5 நவம்பர், காலை 7.25

இருவருக்கும் நன்றி. சாவியை எடுத்து வைத்ததற்கு அப்பா கோபப்பட்டார். இப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இடக்கைப் பெருவிரல் தானாகத் துடித்தது. பிறகு மற்ற விரல்கள், பிறகு மணிக்கட்டு. இரண்டு நிமிடம் இருக்கும். அவர் முழு நினைவோடு தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தக் கை சோர்ந்து மடியில் கிடக்கிறது. கடையிலிருந்து மருந்து ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா?

---

இரவுப்பணி | 5 நவம்பர், காலை 7.31

எதுவும் கொடுக்க வேண்டாம். அது வலிப்பு. விரலில் தொடங்கிக் கையேறி வருவது மூளையின் ஒரு புள்ளியிலிருந்து பரவுகிறது என்று பொருள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு தவறினாலும், 10177ஐ அழையுங்கள்; கைபேசியிலிருந்து 112. வாயில் கரண்டியோ தண்ணீரோ வைக்காமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இப்போது நின்றுவிட்டது என்றால் நீங்களே காரில் அழைத்துச் செல்லலாம். அவரைப் பின்னிருக்கையில் அம்மாவோடு உட்கார வையுங்கள். வாசலிலேயே "இன்று காலை முதன்முறையாக வலிப்பு, இடக்கை பலவீனம்" என்று சொல்லுங்கள்.

---

மவுண்ட் எட்ஜ்கோம் பேரன் | 5 நவம்பர், மாலை 5.18

தங்கச்சி நல்ல செய்தியோடு வரட்டும். கை துடித்தது என்று படித்ததும் என் பெரியம்மாவின் கதையை எழுதத் தோன்றியது.

பெரியம்மாவுக்குக் காவடிக் காலத்தில் சாமி வரும். இளம்பெண்ணாக இருந்த நாளிலிருந்தே வருவதுதான். உடுக்கையும் பாட்டும் ஏறும்போது வரும், ஆடுவார், கேட்டவர்களுக்கு வாக்குச் சொல்வார், மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் அமைதியாகி வழக்கம்போலப் பேசுவார். சில ஆண்டுகளுக்கு முன் அது வேறு மாதிரி வரத் தொடங்கியது. கோயிலில் அல்ல, சமையலறையில், கடை வரிசையில், ஒருமுறை பேருந்தில். முதலில் ரப்பர் கருகும் வாடை வருகிறது என்பார். பிறகு பார்வை ஓரிடத்தில் நிலைத்துவிடும், உதடுகள் எதையோ சப்பும், ஒரு கை புடவையைப் பிசைந்துகொண்டே இருக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் முடியும். என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. அரை மணி நேரம் குழம்பியிருப்பார்.

வீட்டில் அனைவரும் அம்மன் கோபம் என்றார்கள். வேண்டுதல் வைத்தோம், கோழி விட்டோம், ஓராண்டு போய்விட்டது. விடுமுறைக்கு வந்த மருமகள்தான் கைபேசியில் படம் எடுத்து ஒரு மருத்துவரிடம் காட்டினாள். ஸ்கேனில் மூளை உறையில் வளர்ந்த கட்டி தெரிந்தது, பொட்டுப் பகுதியை அழுத்திக்கொண்டிருந்தது. புற்று அல்லாத வகை. அறுவை செய்து எடுத்தார்கள். அடுத்த ஆண்டு பெரியம்மா பால்குடம் எடுத்தார். அன்று சாமி வந்ததா என்று நான் கேட்கவில்லை. அது அவருக்கும் அம்மனுக்கும் உள்ள விவகாரம்.

---

உம்பிலோ அடியார் | 5 நவம்பர், இரவு 7.02

தம்பி எழுதியதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. 1860இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் இங்கே வந்தவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார்கள். இந்த வழிபாடு ஒன்றுதான் அவர்களைக் கரும்புத் தோட்டத்தில் உயிரோடு வைத்திருந்தது. சாமி வருவதை நோய் என்று சொல்லும் பேச்சை வெள்ளைக்காரர்களிடமிருந்து நூறு ஆண்டுகள் கேட்டாகிவிட்டது. இப்போது நம் பிள்ளைகளே சொல்ல வேண்டுமா?

---

இரவுப்பணி | 5 நவம்பர், இரவு 9.47

ஐயா, தம்பி அப்படிச் சொல்லவில்லை. அவருடைய பெரியம்மாவுக்கு முதலில் வந்ததும் பிறகு வந்ததும் வேறு வேறு என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் கண்ணால் கண்டிருந்தும் ஒரே பெயரால் அழைத்தார்கள். அதுதான் தாமதத்துக்குக் காரணம். நானும் தீ மிதித்த குடும்பத்தில் பிறந்தவள்தான்.

வழிபாட்டில் வருவது இடமும் நேரமும் பார்த்து வருகிறது, இசையோடு ஏறி இறங்குகிறது, ஆளுக்கு ஆள் நாளுக்கு நாள் மாறுகிறது. வலிப்பு இடம் பார்க்காது. ஒவ்வொரு முறையும் அச்சடித்தாற்போல ஒரே வரிசையில் வரும்: அதே வாடை, அதே பார்வை, அதே கை. தலையும் கண்ணும் ஒரே பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ளலாம். முடிந்த பின் அந்தப் பக்கக் கை சிறிது நேரம் செயலற்றிருக்கலாம், நாக்கு கடிபட்டிருக்கலாம், சிலருக்கு உடை நனைந்திருக்கும். பழக்கமில்லாத வயதில், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் மேல், முதல் வலிப்பு வந்தால் அதற்குக் காரணம் தேடாமல் விடக்கூடாது. மெல்ல வளரும் மூளைக்கட்டிகளில் வலிப்புதான் பல நேரங்களில் முதல் அறிகுறி. மருமகள் படம் எடுத்ததைப் பாராட்ட வேண்டும். வலிப்பு நின்ற பின் வரும் நோயாளி எங்கள் முன்னால் முற்றிலும் நலமாக உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு நிமிடப் படம் பத்துப் பக்கக் குறிப்பைவிட எங்களுக்கு உதவும்.

---

மாரிட்ஸ்பர்க் வாத்தியார் | 6 நவம்பர், பிற்பகல் 2.30

எல்லோரும் கட்டியையே பேசுவதால் எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன். என் தம்பிக்கு 34 வயதில் வலிப்பு வந்தது. ஸ்கேனில் வளையம்போல ஒளிரும் சிறு வட்டங்கள் இரண்டு தெரிந்தன. "கட்டியாக இருக்கலாம்" என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் அழுத அழுகைக்கு அளவில்லை. கடைசியில் அது பன்றி நாடாப்புழுவின் முட்டைப்புழு மூளையில் தங்கியது என்று தெரிந்தது. புழு மருந்து, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, வலிப்பு மாத்திரை ஆகியவற்றோடு இன்று நன்றாக இருக்கிறான்.

நாங்கள் தலைமுறையாகச் சைவம். அது எப்படி என்று மருத்துவரிடம் சண்டையே போட்டேன். பன்றி இறைச்சி உண்பவருக்குக் குடலில் நாடாப்புழு வருகிறது. அவருடைய மலத்திலிருந்து பரவும் முட்டை கழுவாத கீரையிலோ கையிலோ ஒட்டி வேறொருவர் வாய்க்குள் போகும்போதுதான் மூளைக்குச் செல்லும் புழு வருகிறது என்று அவர் விளக்கினார். ஆகவே சைவம் காப்பாற்றாது. கிழக்கு கேப் பகுதியிலும் நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் சிற்றூர்களிலும் வலிப்புக்கு இது முக்கியக் காரணமாம். காசநோயும் மூளையில் இதேபோல உருண்டையாகத் திரளும். இந்த நாட்டில் ஸ்கேனில் ஓர் உருண்டை தெரிந்தவுடன் யாரும் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம் என்பதே நான் பட்ட பாடு.

---

வெரூலம் அம்மா | 6 நவம்பர், மாலை 6.11

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் மகனுக்கு ஏழு வயது. மூன்று வாரமாகப் பள்ளி நாள் காலைகளில் வாந்தி எடுக்கிறான், பத்து மணிக்கு மேல் துள்ளி விளையாடுகிறான். கழுத்தை ஒருபக்கம் சாய்த்தே புத்தகம் படிக்கிறான். வயிற்றுப் பூச்சிக்கு இரண்டு முறை மருந்து கொடுத்தாகிவிட்டது.

---

இரவுப்பணி | 6 நவம்பர், மாலை 6.58

நாளை பள்ளிக்கு அனுப்பாமல் குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் அம்மா. வயிற்றுப்போக்கு இல்லாமல் காலை வாந்தி மட்டும் வாரக் கணக்கில் தொடர்வதும், புதிதாகக் கழுத்தைச் சாய்ப்பதும் சேர்ந்திருந்தால் குழந்தைக்குக் கண்ணையும் நடையையும் பார்த்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கு மூளைக்கட்டி அடிக்கடி சிறுமூளைப் பக்கம் வருவதால் வாந்தி, தள்ளாட்டம், மாறுகண், கையெழுத்துக் கெடுவது என்றுதான் தொடங்கும். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி புடைப்பதும் தலைச் சுற்றளவு வேகமாகக் கூடுவதும். உங்கள் மகனுக்கு வேறு எளிய காரணம் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் பூச்சி மருந்தை மூன்றாம் முறை கொடுக்காதீர்கள்.

---

பழைய பொறியாளர் | 7 நவம்பர், காலை 11.20

கேப் டவுனிலிருந்து எழுதுகிறேன். ஸ்கேன் என்று எல்லோரும் இயல்பாகச் சொல்கிறீர்கள். அதற்கான கணக்கு இந்த ஊரில்தான் பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மக் என்ற இயற்பியலாளர் 1956இல் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரமாகக் கதிரியக்க வேலையை மேற்பார்த்தபோது, பல கோணங்களிலிருந்து செலுத்திய எக்ஸ்-கதிர் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து உள்ளே இருப்பதன் படத்தைக் கணக்கால் மீட்க முடியுமா என்று யோசித்தார். 1963இலும் 1964இலும் அவர் வெளியிட்ட கட்டுரைகளை அன்று எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் தனியாகக் கருவியை உருவாக்கினார். 1971 அக்டோபரில் லண்டனில் அதில் முதன்முதலாகப் படுத்த நோயாளி, மூளைக்கட்டி என்று ஐயப்பட்ட ஒரு பெண்மணிதான். 1979இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதை எழுதுவதற்கு ஒரு பயனும் உண்டு. எக்ஸ்-கதிரால் எடுக்கும் சி.டி. ஸ்கேன் விரைவானது, இரத்தக் கசிவையும் பெரிய வீக்கத்தையும் உடனே காட்டும். ஆனால் தலையின் பின்புறம் கனத்த எலும்பு சூழ்ந்த இடத்தில் படம் கோடு விழுந்து மங்கும். சிறிய கட்டி தப்பலாம். என் மனைவி பல மாதம் தொலைபேசியை வலக் காதிலிருந்து இடக் காதுக்கு மாற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். வலக் காதில் வண்டு ரீங்காரம் என்றாள். முதல் சி.டி.யில் ஒன்றும் இல்லை என்றார்கள். ஒரு காதில் மட்டும் கேட்கும் திறன் குறைந்தால் எம்.ஆர்.ஐ. பார்க்க வேண்டும் என்று காது மருத்துவர் பிடிவாதமாக இருந்ததால்தான் செவி நரம்பில் இருந்த சிறு கட்டி தெரிந்தது.

---

மருந்துக்கடை வரிசை | 7 நவம்பர், பிற்பகல் 1.05

மருந்தாளுநராக ஒரு வார்த்தை. தலைவலிப் பொடியும் கோடீன் கலந்த மாத்திரையும் மாதத்தில் பத்து நாளுக்கு மேல் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தே அன்றாடத் தலைவலியை உண்டாக்கும். "தலைவலி நிற்கவே இல்லை, கட்டிதானோ" என்று அழுதுகொண்டு வருபவர்களில் பலருடைய கைப்பையைத் திறந்தால் காரணம் அங்கேயே இருக்கிறது. இருந்தாலும், ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தலைவலியையும், முன்பு மார்பிலோ நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ புற்றுநோய் இருந்தவருடைய தலைவலியையும் நான் பொடி விற்று அனுப்புவதில்லை. பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் கட்டியைவிட வேறு உறுப்பிலிருந்து பரவி வரும் கட்டிதான் அதிகம்.

---

வெரூலம் அம்மா | 10 நவம்பர், இரவு 8.20

மகனுக்குக் கட்டி இல்லை. எம்.ஆர்.ஐ. தெளிவாக இருக்கிறது. கண்ணை நகர்த்தும் தசை ஒன்று பிறவியிலேயே வலுவற்றதாம், இரட்டையாகத் தெரியாமலிருக்கக் கழுத்தைச் சாய்க்கிறான்; பழைய படங்களைப் பார்த்தால் இரண்டு வயதிலேயே சாய்ந்துதான் நிற்கிறான், நாங்கள் அழகு என்று நினைத்தோம். வாந்தி ஒற்றைத் தலைவலியின் குழந்தை வடிவமாம். அனைவருக்கும் நன்றி.

---

டோங்காட் மகள் | 12 நவம்பர், இரவு 9.33

இத்தனை நாளும் எழுத முடியவில்லை. அன்று காலை வாசலில் செவிலியர் அக்கா சொன்ன சொற்களை அப்படியே சொன்னேன்; ஆரஞ்சு அட்டை கட்டினார்கள். மதியத்துக்குள் சி.டி. எடுத்தார்கள். வல மூளையின் மேற்பகுதியில் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி, அதைச் சுற்றி அதைவிடப் பெரிய வீக்கம். இரண்டு நாள் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையிலேயே தோன்றியது போலத் தெரிகிறது, எந்த வகை, எத்தனையாம் படி என்பதைத் திசுவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். வியாழக்கிழமை அறுவை. வலிப்பு கட்டுக்குள் வந்தது என்று மருத்துவர் எழுதும் வரை கார் ஓட்டக் கூடாது, சட்டமும் இடம் தராது என்று கண்டிப்பாகச் சொன்னதை அப்பா மறுக்கவில்லை.

எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டார். நான் புரட்டாசி என்றேன். அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்: ஜூலையிலேயே அப்பா விளக்கு மாடத்தின் வலப்பக்க விளக்கை மட்டும் ஏற்றிவிட்டு வந்துவிடுவாராம், அம்மா போய் இடப்பக்க விளக்கை ஏற்றுவாராம். யாரிடமும் சொல்லவில்லை.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தொடங்கி மூன்றாம் நாள், மருத்துவமனைத் தட்டில் இடப்பக்கம் இருந்த உருளைக்கிழங்கைத் தானே எடுத்துச் சாப்பிட்டார். குணமாகிவிட்டது, அறுவை வேண்டாம் என்று மாமா சொல்லத் தொடங்கிவிட்டார். அப்பாவும் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்.

---

இரவுப்பணி | 12 நவம்பர், இரவு 10.15

மாமாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: அந்த மருந்து கட்டியைச் சுற்றியுள்ள நீர் வீக்கத்தை வடிக்கிறது, கட்டி அங்கேயேதான் இருக்கிறது. தாமாக மாத்திரையை நிறுத்தினால் வீக்கம் திரும்பும். உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு உறங்கிப் போயிருக்கக்கூடும் என்பதால் திடீர் நிறுத்தம் ஆபத்தும்கூட. இரவில் கொடுத்தால் உறக்கம் கெடும். மாலை வேளை மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று வார்டில் கேளுங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? இந்த மருந்து அதை ஏற்றும்.

---

டோங்காட் மகள் | 12 நவம்பர், இரவு 10.21

உண்டு அக்கா, மாத்திரைதான் சாப்பிடுகிறார். வழக்கமாக (மில்லிமோல் கணக்கில்) எட்டு, ஒன்பது இருக்கும். இன்று மாலை 16.4 என்று எழுதியிருந்தார்கள். இன்சுலின் போடப் போகிறோம் என்றபோது நான்தான் தேவையில்லாமல் வாதாடினேன். காலையில் போய் அந்தச் சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.